ஐஸ் பாக்டரிப் பள்ளிக்கூடம்

பிப்ரவரி 11

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதுவது.

இங்கே நானும் உன் அக்காவும் நன்றாகவே இருக்கிறோம். உன் சௌக்கியத்தை அவள் தினமும் என்னிடம்தான் விசாரிக்கிறாள்; நான் போய் யாரிடம் விசாரிப்பேன்? உன் ஆபீசுக்குப் போன் போட்டால், "சீட்ல இல்ல சார்" என்கிறார்கள். நீயோ, போன் வேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள் என்று ஒரு கார்டு போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாய். சரி, காரியம் என்னுடையது. வணங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்த கட்டட வேலைக்கு எனக்கு ஒரு ஐஸ் பாக்டரி கிடைத்திருக்கிறது. ஐஸ் இல்லை, பாக்டரி மட்டும். மீன் வண்டிகளுக்கு ஐஸ்கட்டி வார்த்துக் கொடுத்த இடம், மூடிப் பல வருஷம் ஆகிறது. பக்கத்தில் தகரக் கொட்டகையில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தும் அறக்கட்டளைதான் இந்த இடத்தை வாங்கியிருக்கிறது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பது அவர்கள் எண்ணம். இடிக்காமலே பள்ளிக்கூடம் ஆக்கலாம் என்பது என் எண்ணம். நடுவில் நிற்பவர் தலைமையாசிரியை. "பழசு புதுசெல்லாம் எனக்குத் தெரியாது சார். தகரத்துக்குக் கீழ பிள்ளைங்க வெந்துகிட்டு இருக்கு. சீக்கிரமா ஒரு நிழல் குடுங்க" என்றார்.

நிழலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது மச்சான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே கால் வைத்தால் யாரோ இப்போதுதான் யந்திரத்தை நிறுத்திவிட்டுப் போன மாதிரி குளிர்ச்சி. சுவர் அவ்வளவு தடிமன். எங்கள் மேஸ்திரி வாசல் நிலையில் குறுக்கே உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார், பாதம் வெளியே வரவில்லை. இதை இடித்தால் கொட்டுவதற்கு ஒரு பள்ளம் தேட வேண்டும், புதுச் செங்கல்லுக்கு இன்னொரு இடத்தில் மண்ணைத் தோண்டிச் சூளை போட வேண்டும். அப்படிக் கட்டிய புதுக் கட்டடத்துக்குள் மின்விசிறி போட்டும் வேர்க்கும். இதற்குப் பெயர் வேலையா?

ஆனால் ஒரு தலைவலி இருக்கிறது. உள்ளே பேசினால் புரியவில்லை. ஒரு வார்த்தையைக் கூரை வாங்கிச் சுவரிடம் கொடுக்கிறது, சுவர் தரையிடம் கொடுக்கிறது, நம்மிடம் திரும்பும்போது அது கூழாகிவிடுகிறது. தலைமையாசிரியை ஒரு வணக்கம் சொன்னார், ஊரே சேர்ந்து வணக்கம் சொன்னது. அறக்கட்டளைத் தலைவர் வாயைப் பொத்திச் சிரித்தார். பிறகு நிபந்தனை போட்டார்: ஜூலை முடிவதற்குள் பாதிக் கூடத்தைத் தயார் செய்து, அதில் ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பாடம் புரிந்தால் கட்டடம் நிற்கும். இல்லாவிட்டால் மறுநாளே கடப்பாரை.

சினிமா அரங்குக்கும் கூட்ட மண்டபத்துக்கும் ஒலி சரிசெய்கிறவன் நீ. குடும்பத்தில் ஒரு நிபுணனை வைத்துக்கொண்டு நான் வெளியே போய்க் கைகட்டி நிற்பதா? யோசனை சொல்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொல்கிறாள் அக்கா. கேட்டுவிட்டேன்.

அத்தான்

*

பிப்ரவரி 24

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் அக்காவின் கேள்வியும் கிடைத்தன. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், எடை குறையவில்லை. அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

போன் விஷயத்துக்குக் கோபிக்காதீர்கள். எங்கள் ஆபீஸ் போன் மேலாளர் மேஜையில் இருக்கிறது. அவர் காதை நீட்டிக்கொண்டிருக்க நான் எப்படிப் பேசுவது? கடிதம் என்றால் நாலு முறை படிக்கலாம். உங்கள் எழுத்தும் பேச்சைவிட மேல்.

ஐஸ் பாக்டரியை இன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் வழவழப்பான ஓடு பதித்திருக்கிறதா? கூரை வளைவா, சரிவா? அவ்வளவு தடிமனான சுவர் முழுக்கச் செங்கல்லாக இருக்காது என்று தோன்றுகிறது. ஐஸைக் காப்பாற்றச் செங்கல் மட்டும் போதாது. உள்ளே எதையாவது ஒளித்திருப்பார்கள். அது என்ன?

இன்னொன்று. ஆசிரியர் எங்கே நிற்பார்? ஜன்னல் எந்தப் பக்கம் திறப்பதாக இருக்கிறீர்கள்? அவர் முகத்தில் எங்கிருந்து வெளிச்சம் விழும்?

கூடத்தின் சத்தத்தை மூன்று இடங்களில் பதிவு செய்து கேசட்டாக அனுப்புங்கள். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

என் அறைக்கு எதிரே ஒரு தையல்கடை இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு தையல்காரர்கள் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். எதற்கெல்லாம் என்பது எனக்கு இப்போது ஏறக்குறையத் தெரியும். கத்தரிக்கோல் யாருடையது என்பதுதான் முக்கியத் தகராறு.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மச்சான்

*

மார்ச் 9

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். உன் எடைக் கணக்கை அக்கா நம்பவில்லை, போட்டோ கேட்கிறாள்.

நீ கேட்டபடி மூன்று கேசட் இத்துடன் வருகின்றன. ஒன்று வாசல் பக்கம், இரண்டு கூடத்தின் நடு, மூன்று கோடிச் சுவர். ஒவ்வோர் இடத்திலும் நான் இரண்டு பலகையை மோதித் தட்ட, தலைமையாசிரியை ஒரு பாடம் வாசித்தார். ரிக்கார்டரின் ஸ்பீக்கர் செத்துப்போய் வருஷக்கணக்கு ஆகிறது. பதிவாகும், போட்டுக் கேட்க முடியாது. பொத்தான் அமுக்கும் பொறுப்பை மேஸ்திரி ஏற்றுக்கொண்டார். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை, கல்யாணத்தில் வாழ்த்துப் பா படிக்கிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ஓடு உண்டு, வெள்ளை ஓடு, இடுப்பு உயரத்துக்கு. கூரை வளைவு. ஜன்னலைக் கோடிச் சுவரில், கரும்பலகைக்குப் பின்னால் திறக்கலாம் என்றிருக்கிறேன், அந்தச் சுவர்தான் சற்று மெலிந்தது.

சுவருக்குள் ஒளித்திருப்பார்கள் என்று எழுதினாயே, உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். பக்கச் சுவரில் ஒரு துளை போட்டோம். வெளிச் செங்கல்லைத் தாண்டியதும் பழுப்பு நிறத்தில் பலகை பலகையாக என்னவோ வருகிறது. மரம் மாதிரி இருக்கிறது, ஆனால் மரத்தின் கனம் இல்லை. முன்பக்கம் பூச்சு, பின்பக்கம் தார். மேஸ்திரி அதை முகர்ந்து பார்த்து, "இது பாக்டரிக்காரன் சாப்பிட்டு மிச்சம் வெச்ச ரொட்டி சார்" என்கிறார். எனக்கு ஆவலில் தூக்கம் வரவில்லை. சீக்கிரம் எழுது.

அத்தான்

*

ஏப்ரல் 14

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பெல்லாம் சுகம்தானே? பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

முதலில் ரொட்டி. நகத்தால் கீறிப் பாருங்கள், பொடிப்பொடியாக உதிர்ந்து வருகிறதா? தண்ணீர் வாளியில் ஒரு துண்டைப் போடுங்கள், அமுக்கினாலும் மேலே வருகிறதா? வந்தால் அது தக்கை. பாட்டில் வாயை அடைக்கிற அதே தக்கை, அத்தான்! பழைய குளிர் அறைகளில் சுவர் முழுக்க அதைத்தான் அடுக்குவார்கள். உங்கள் கட்டடம் குளிர்ந்திருப்பது அதனால்தான். அதன் மேல் பூசிய வழவழப்புப் பூச்சுதான் சத்தத்தைத் திருப்பி அடிக்கிறது. பூச்சைச் சுரண்டி எடுத்தால் அதே தக்கை சத்தத்தை விழுங்கும். நோயும் மருந்தும் ஒரே சுவருக்குள் இருக்கின்றன. ஜன்னல் வெட்டும் இடங்களில் கிடைக்கும் பலகைகளை எறிந்துவிடாதீர்கள். கூரைக்குக் கீழே தொங்கவிடலாம்.

அடுத்தது ஜன்னல். கோடிச் சுவர் கூடவே கூடாது. ஆசிரியருக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் அவர் முகம் இருட்டிவிடும். பிள்ளைகளுக்கு ஒரு கறுப்பு உருவம் கையை ஆட்டுவதுதான் தெரியும். பக்கச் சுவரில், அவர் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்னால், வெயில் நேரே விழாத பக்கமாகத் திறந்தால் வாய் நன்றாகத் தெரியும். தாடி மீசைக்கார ஆசிரியர்கள் இருக்கிறார்களா? இருந்தால் ஒட்டக் கத்தரிக்கச் சொல்லுங்கள்.

கேசட்டுகளைக் கேட்டேன். ஒன்றும் மூன்றும் மோசம். இரண்டாவது எவ்வளவோ தேவலை, கூடத்தின் நடுவில் எதிரொலி மிகவும் அடங்கியிருக்கிறது. ஆசிரியரை அங்கேயே நிறுத்தலாம்.

போட்டோ எடுத்தால் அனுப்புகிறேன். அக்காவுக்கு என் அன்பு.

மச்சான்

*

ஏப்ரல் 27

அன்புள்ள மச்சான்,

வீட்டில் யாவரும் சௌக்கியம். தக்கை! தக்கையேதான். வாளியில் போட்டோம், மேஸ்திரி இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார், அவர் சட்டைதான் நனைந்தது. பலகைகளைப் பூச்சு நீக்கி, தாரைச் சுரண்டி அடுக்கிக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகள் தினமும் வந்து அதைத் தொட்டுப் பார்க்கிறார்கள். ஐஸைக் காத்த பொருள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஜன்னலை நீ சொன்னபடி பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டேன். என் வரைபடத்தைக் கிழித்துப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. இருக்கட்டும். ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் எதிரொலியைக் கேட்டால் நீ வெளிச்சத்தைச் சொல்கிறாய். பாடகரைப் பற்றிக் கேட்டால் அவர் பல்வரிசையைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அக்காவும் கேட்கிறாள், "அவன் எப்போ இருந்து பிள்ளைங்க மூஞ்சியப் பத்தியெல்லாம் யோசிக்க ஆரம்பிச்சான்?" என்று. பெண் பார்க்கட்டுமா என்பது அதன் உள்ளர்த்தம்.

கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லி, கூடத்தின் நடுதான் சிறந்த இடம், நிபுணர் சொல்லிவிட்டார் என்று அடித்துப் பேசியிருக்கிறேன். தலைவர் தாமே கேட்டுப் பார்க்க வேண்டுமாம். மூன்று கேசட்டையும் திருப்பி அனுப்பு.

கேசட்டை மட்டும் அனுப்பினால் போதாது, நீயும் வா. பலகையை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்பதைக் காதுள்ளவன் நின்று கேட்டுத்தானே சொல்ல முடியும்? போன வருஷமும் கூப்பிட்டேன், அதற்கு முந்தின வருஷமும் கூப்பிட்டேன். உன்னிடம் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்காக இருக்கிறது. இந்தத் தடவை வராவிட்டால் அக்கா என்னைத்தான் வீட்டைவிட்டுத் துரத்துவாள்.

அத்தான்

*

மே 19

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். கேசட்டுகளை அனுப்பியிருக்கிறேன். பலகைகளைத் தொங்கவிடும் முறையையும் வரைந்து உடன் வைத்திருக்கிறேன். வரிசைக்கு வரிசை உயரம் மாற வேண்டும், கூரையோடு ஒட்டக் கூடாது, மேலே காற்றுப் போக இடைவெளி வேண்டும். கணக்கை மூன்று முறை சரிபார்த்திருக்கிறேன்.

வர முடியாது. லீவு கிடைக்கவில்லை. நான் வந்து நின்று ஆகப்போவதும் ஒன்றுமில்லை. வரைந்ததை வைத்துக்கொண்டு நீங்களே செய்துவிடலாம்.

அக்காவிடம் பெண் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மச்சான்

*

ஜூன் 3

அன்புள்ள மச்சான்,

அக்கா சௌக்கியம். நானும்தான்.

நேற்று கூட்டம் நடந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். தலைவர் நல்ல ரிக்கார்டர் ஒன்று கொண்டுவந்திருந்தார். முதல் கேசட்டைப் போட்டோம், பலகைச் சத்தம் இடியாக உருண்டது. இதோ, நிபுணர் தேர்ந்தெடுத்த இடம் என்று சொல்லி நானே இரண்டாவதைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினோம், திருப்பிப் போட்டோம். காலி. பதிவு செய்ய இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும், மேஸ்திரி அந்த ஒரு தடவை ஒன்றை மட்டும் அமுக்கியிருக்கிறார். நாடா ஓடியிருக்கிறது, எதுவும் ஏறவில்லை.

"நல்லாத்தான் இருக்கு, எதிரொலியே இல்லையே!" என்றார் தலைமையாசிரியை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க நிபுணர் இதக் கேட்டுட்டுத்தான் சொன்னாரா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. கட்டடமும் போயிருக்கும். தலைமையாசிரியைதான் எழுந்து, "வகுப்பு நடத்திப் பாத்துட்டு முடிவு பண்றதுன்னு பேச்சு. கேசட் கேட்டு முடிவு பண்றதுன்னு யாரும் சொல்லல" என்று தலைவர் வாயை அடைத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது உன்மேல் கோபமாக இருந்தேன். கேட்காமலே கேட்டேன் என்று எழுதியிருக்கிறானே, நமக்காக ஒரு அரைமணி நேரம் ஒதுக்க முடியவில்லையா என்று. பிறகு, உன் கடிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். போன் வேண்டாம் என்றது. முகத்தில் வெளிச்சம். வாய் தெரிய வேண்டும். மீசையைக் கத்தரிக்கச் சொன்னது. அந்தத் தையல்கடை. படித்து முடித்தபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் உன்மேல் ஒரு பழமொழியை எறிந்திருக்கிறேன். நாக்கில் பழகிய பேச்சு, யோசிக்காமல் வந்துவிட்டது. அதை அடித்துவிடு.

அக்காவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமை இல்லை. உனக்குப் பதில் எழுதத் தோன்றும்போது எழுது. தோன்றாவிட்டால் வெறும் கார்டாவது போடு. நீ இருக்கிறாய் என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.

அத்தான்

*

ஜூலை 16

அன்புள்ள மச்சான்,

கிணற்றில் போட்ட கல்லாக இருக்கிறாய். கார்டு வரவில்லை. தபால்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நீ நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டாள், "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?" என்று. இல்லை என்றேன். அவள் நம்பவில்லை.

வகுப்பு நேற்று நடந்தது. பலகைகளை உன் வரைபடப்படியே தொங்கவிட்டிருந்தோம். கூரைக்குக் கீழே பழுப்பு நிறத்தில் வரிசை வரிசையாக, துணி துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தது. எதிரொலி முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். யாராவது நாற்காலியை இழுத்தால் இன்னும் சுவர்கள் முணுமுணுக்கின்றன. ஆனால் பேச்சு பேச்சாக வந்தது. கூழ் இல்லை.

தலைமையாசிரியை நீ கேட்ட ஜன்னலுக்கு எதிரே நின்று, அவர்கள் இதுவரை படிக்காத ஒரு பாடத்தை நடத்தினார். முடிந்ததும் கேள்விகளைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். தலைவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் நாலைந்து சிலேட்டை வாங்கிப் பார்த்தார். எல்லாம் ஏறக்குறையச் சரி. அதில் ஒன்று ஒரு பெண் குழந்தையுடையது. அவள் முழுக்கச் சரியாக எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியைக்கு முகம் வெளிறிவிட்டது. "இவ காது குடுத்துக் கேக்கவே மாட்டா, சோம்பேறின்னு நான் எத்தனை தடவை திட்டியிருக்கேன்" என்றார். பிறகு அவர் செய்ததைப் பார். வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் விழித்தாள். முந்தானையை எடுத்துவிட்டு, அதே கேள்வியைச் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார். குழந்தை டக்கென்று பதில் சொல்லிவிட்டது. கொட்டகையில் இருட்டில் அவளுக்கு யார் உதடும் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். தலைமையாசிரியை அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கட்டடம் நிற்கும். கடப்பாரை வராது. மீதிக் கூடத்துக்கும் வேலை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு தலைமையாசிரியை என்னிடம் கேட்டார், "முகத்துல வெளிச்சம் விழணும்னு சொன்னவர் யாரு சார்? அவருக்கும் காது கேக்காதா?" என்று. என் மச்சான் என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது, அதை உனக்கு எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

அத்தான்

*

ஜூலை 30

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காதுக்குத்தான்.

ஒரு காய்ச்சலில் ஆரம்பித்தது. இடது காது முதலில் போயிற்று, அப்போது சமாளித்தேன். போன வருஷம் வலதும் போய்விட்டது. நரம்பு, ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்கள். கருவி மாட்டிப் பார்த்தேன், இரைச்சல்தான் வருகிறது. ஆபீசில் கணக்கும் வரைபடமும் நான் போடுவேன், கூட வேலை செய்பவர் போய்க் கேட்டுவிட்டு வருவார். அவர் சொல்வதை நான் கேட்ட மாதிரி எழுதிக் கொடுப்பேன். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் கேசட்டை எப்படிக் "கேட்டேன்" தெரியுமா? ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். ஒன்றிலும் மூன்றிலும் நீங்கள் பலகை தட்டியது கையில் தெரிந்தது, தட்டி முடித்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. இரண்டில் கை சும்மா இருந்தது. அடடா, எவ்வளவு அடக்கமான இடம் என்று சந்தோஷப்பட்டு எழுதினேன். இன்று எனக்கே சிரிப்பு வருகிறது. உங்கள் ஜூன் கடிதம் வந்த அன்று சிரிப்பு வரவில்லை. அன்று அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். என்னால் உங்கள் கட்டடம் இடிபடப் பார்த்ததே என்ற வெட்கம். சமையல்காரனுக்கு நாக்குச் செத்தால் அவனை யார் அடுப்பங்கரையில் வைத்திருப்பார்கள்? வேலை போய்விடும், அப்புறம் நான் யார் என்ற பயம். ஆளில்லாத அறையில் அந்தப் பயத்தோடு இருப்பது மிகவும் கஷ்டமாக இருந்தது அத்தான்.

அந்தப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. முந்தானையை எடுத்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே!

அதைப் படித்த மறுநாள் மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் ஒரு காகிதத்தில், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதிக் காட்டினார். என்ன முடிவானாலும் சரி, இனி ஒளிக்க என்னால் ஆகாது.

பாக்கியிருப்பது அக்கா. அவளுக்கு எழுத நாலு முறை உட்கார்ந்தேன். வரவில்லை. இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடுத்துவிடுங்கள். அவள் அழுதால் மட்டும் எனக்கு எழுதாதீர்கள்.

தலைமையாசிரியையின் கேள்விக்குப் பதில்: ஆமாம்.

மச்சான்

*

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, சுகம் விசாரிக்கும் வரியெல்லாம் உன் அத்தானுக்குத்தான் வரும். அவர் எழுதினால் நாலு பக்கம் கட்டடம், நாலு வரி மனுஷன். இத்தனை நாள் அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு உன்னை நலம் என்று நினைத்திருந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நான் அழுதால் எழுதக் கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். எனக்குப் போடவில்லை. அழுதேன். காது போனதற்கு அழவில்லை, அதற்கு வைத்தியர் உண்டு, வழி உண்டு, ஒன்றும் இல்லாவிட்டால் நாங்கள் உண்டு. அந்த அறையில் ஒண்டியாக உட்கார்ந்து, யாரோ இரண்டு தையல்காரர்களின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பழகினாயே, அதற்குத்தான் அழுதேன். பார்ப்பதற்கு என் வாய் இல்லையா? வீட்டில் ஓயாமல் அசைவது அது ஒன்றுதானே.

உன் அத்தானிடம் மூன்று நாளாகப் பேசவில்லை. தெரிந்தும் ஜூனிலிருந்து என்னிடம் மறைத்தார். நீ சொல்லச் சொல்லவில்லை, அதனால் சொல்லவில்லை என்கிறார். நியாயம்தான். இருந்தாலும் இன்னும் இரண்டு நாள் பேச மாட்டேன்.

மீதிக் கூடத்துக்கு உன்னையே கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியை ஒற்றைக் காலில் நிற்கிறார். உன் மேலாளர் என்ன சொல்கிறார் என்று பார்த்துக்கொண்டு அதை நீ முடிவு செய். நான் அதில் தலையிட மாட்டேன். எங்கே இருப்பது, என்ன வேலை என்பதையெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். எனக்கு மெதுவாகப் பேச வராது, கற்றுக்கொள்கிறேன்.

நீ இங்கே வர வேண்டாம். லீவு இல்லை, ரயில் இல்லை என்று மறுபடியும் ஏதாவது எழுதுவாய். நானே வருகிறேன். இந்தக் கடிதம் இன்று விரைவுத் தபாலில் போகிறது, நான் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறேன். செவ்வாய்க்கிழமை காலையில் உன் அறை வாசலில் இருப்பேன்.

அன்றைக்குக் கதவைத் திறந்தே வை. நான் எவ்வளவு நேரம் தட்டினாலும் உனக்குத் தெரியாது.

அக்கா